பூனையும் பூந்தொட்டியும்: ஒரே வீட்டில் இரண்டும் வாழ வழி

ஏஷியாட்டிக் லில்லி விரிந்ததும் அதன் நடுவே நிற்கும் மகரந்தப் பைகள் வெடித்துச் செங்காவிப் பொடி உதிர்க்கும். விரல் பட்டால் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைச் சட்டையில் பட்டால் துவைத்தாலும் லேசில் போகாது. பூச்சாடியை உரசிக்கொண்டு நடக்கும் பூனையின் முதுகிலும் அது அப்படியே ஒட்டுகிறது. உடம்பில் தூசு பட்டதும் பூனை ஒரு மூலையில் உட்கார்ந்து நக்கிச் சுத்தம் செய்யத் தொடங்கும். செடியை அது கடிக்கவே இல்லை. ஆனாலும் நஞ்சு வயிற்றுக்குள் போய்விட்டது. உடனே சிகிச்சை கிடைக்காவிட்டால் மூன்று நாளுக்குள் சிறுநீரகம் நின்றுபோகும்.

முன்பு தமிழ்நாட்டு வீடுகளில் செடி வாசலிலும் கொல்லையிலும் இருந்தது. பூனை ஓட்டின் மேலும் அடுப்படியிலுமாகத் தன் இஷ்டத்துக்கு வந்துபோனது. அடுக்குமாடிக் குடியிருப்பு இரண்டையும் ஒரே கூடத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் மணி பிளான்ட், ஜன்னலோரம் கற்றாழை, பால்கனியில் அடினியம். இவற்றுக்கு நடுவே நாள் முழுக்க வெளியே போக வழியில்லாத ஒரு பூனை. இரண்டில் ஒன்றை விட்டுவிட வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டியதில்லை. ஆனால் எந்தச் செடி வீட்டுக்குள் வரலாம், எது வரக் கூடாது என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். உயரமான அலமாரியும் அதட்டலும் அதற்குப் பிறகுதான்.

இறைச்சி தின்னும் பிராணிக்கு இலை எதற்கு?

பூனை முழு ஊனுண்ணி. அதற்கு வேண்டிய சத்து எல்லாம் இறைச்சியிலும் மீனிலும் இருக்கிறது. ஆனாலும் அது புல்லைத் தின்கிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த கால்நடை நடத்தையியல் ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூனை வளர்ப்போரிடம் இதைப் பற்றிக் கேட்டு, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். பத்துக்கு ஏழு பூனைகள் தம் வாழ்நாளில் குறைந்தது ஆறு தடவையாவது செடியைத் தின்றதை வளர்ப்போர் பார்த்திருந்தார்கள். ஒருபோதும் தின்னாதவை பத்தில் ஒரு பங்குதான். உடம்பு சரியில்லாதபோதுதான் பூனை புல் தின்னும் என்ற நம்பிக்கைக்கு அந்த ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை. தின்பதற்கு முன் பெரும்பாலான பூனைகள் நன்றாகவே இருந்தன. குடலில் உள்ள புழுக்களை வெளியேற்ற உதவிய ஒரு காட்டுப் பழக்கம், புழு இல்லாத வீட்டுப் பூனையிடமும் தங்கிவிட்டது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம்.

இதிலிருந்து வீட்டுக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இலையைக் கடிப்பது பூனையின் குறும்பு அல்ல, அதன் இயல்பு. அதட்டி நிறுத்திவிடலாம் என்று நம்பி ஒரு நச்சுச் செடியைக் கூடத்தில் வைப்பது ஆபத்து. குட்டிகள் விஷயத்தில் இது இன்னும் அதிகம். பல் முளைக்கும் பருவத்தில் அவை எதையும் கடித்துப் பார்க்கும்.

மனிதருக்கு மருந்து, பூனைக்கு நஞ்சு

நமக்கும் நாய்க்கும் ஒன்றும் செய்யாத பொருள் பூனையைக் கொல்லக் காரணம் அதன் கல்லீரல். பல மருந்துகளையும் தாவரப் பொருள்களையும் மனிதக் கல்லீரல் குளுகுரோனிக் அமிலத்தோடு சேர்த்து, நீரில் கரையச் செய்து வெளியேற்றும். அந்த வேலைக்கான நொதிகளில் முக்கியமான ஒன்றை உருவாக்கும் மரபணு பூனைக் குடும்பத்தில் பழுதாகிக் கிடக்கிறது. சிங்கம், சிறுத்தைக்கும் அதே கதிதான். அதனால்தான் காய்ச்சலுக்கு நாம் சாதாரணமாக விழுங்கும் பாரசிட்டமால் ஒரு மாத்திரை பூனையின் உயிரைப் பறித்துவிடும். நறுமண எண்ணெய்கள் அதற்கு ஆகாததற்கும் இதுவே பெரும் காரணம்.

எடையும் சேர்ந்துகொள்கிறது. வளர்ந்த பூனை பொதுவாக நான்கைந்து கிலோதான் இருக்கும். மனிதருக்கு அற்பமாகத் தோன்றும் அளவு அதற்குப் பெரிய அளவு. நக்கிச் சுத்தம் செய்யும் பழக்கமோ உடம்பில் பட்ட எல்லாவற்றையும் வயிற்றுக்குள் சேர்த்துவிடுகிறது.

வாசற்படி தாண்டக் கூடாதவை

முதலிடம் லில்லிக்கு. லில்லியம் இனத்தில் வரும் ஏஷியாட்டிக், ஓரியன்டல், ஈஸ்டர், டைகர் லில்லிகள் எல்லாமும், ஹெமெரோகாலிஸ் எனப்படும் டே லில்லியும் பூனையின் சிறுநீரகத்தை நேரடியாகத் தாக்குகின்றன. இலை, தண்டு, இதழ், மகரந்தம் எதுவும் விலக்கில்லை. பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலே போதும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கிறது. நஞ்சு எந்தப் பொருள் என்பது இன்றுவரை துல்லியமாகக் கண்டறியப்படவில்லை. நாய் இதே செடியைத் தின்றால் வயிற்றுக் கோளாறோடு தப்பிவிடும்.

ஏமாற்றும் நோய் இது. தின்ற சில மணி நேரத்தில் வாந்தி, எச்சில் ஒழுகுதல், சோர்வு தெரியும். பிறகு வாந்தி நின்றுவிடும். பூனை தேறிவிட்டது என்று வீட்டில் நிம்மதியாகிவிடுவார்கள். அந்த நேரத்தில்தான் சிறுநீரகத் திசுக்கள் மடிந்துகொண்டிருக்கும். முதல் 18 மணி நேரத்துக்குள் ரத்தநாளம் வழியாகத் திரவம் ஏற்றத் தொடங்கினால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. சிறுநீர் நின்றுபோன பிறகு கொண்டுபோனால் காப்பாற்றுவது மிகக் கடினம்.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பசுமைக்குடில்களில் லில்லியம் பயிராகிறது. திருமண வரவேற்பு மேடைகளிலும் பிறந்தநாள் பூங்கொத்துகளிலும் அது இப்போது சாதாரணம். எனவே பூனைக்கு வரும் ஆபத்து வீட்டுக்காரர் வாங்கிய செடியிலிருந்து வருவதைவிட, விருந்தாளி அன்போடு கொடுத்த பூங்கொத்திலிருந்து வர வாய்ப்பு அதிகம்.

நர்சரியில் ‘லில்லி’ என்று விற்கப்படும் எல்லாமே இந்த வகை அல்ல என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. பீஸ் லில்லி சேம்பின் உறவு. வாயை எரிக்கும், சிறுநீரகத்தைத் தொடாது. மழைக்குப் பின் கொத்தாகப் பூக்கும் ரெயின் லில்லியின் கிழங்கு வாந்தியை உண்டாக்கும். கன்னா லில்லி என்கிற கல்வாழையால் ஆபத்தில்லை. பெயர்ப்பலகையை மட்டும் நம்பினால் தீங்கற்றதைத் தூக்கி எறிந்து, கொல்லக்கூடியதை வைத்துக்கொள்ள நேரும்.

அடுத்தது சைகஸ். சேகோ பாம் என்ற பெயரில் வரவேற்பறைகளில் நிற்கும் இது பனையும் அல்ல, ஜவ்வரிசிக்கும் இதற்கும் தொடர்பும் இல்லை. நம் ஊர் ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருவது. சைகஸ் செடியின் எல்லாப் பாகங்களிலும் சைகாசின் என்ற நஞ்சு இருக்கிறது. விதையில் மிக அதிகம். அது கல்லீரலை அழிக்கும். தீவிர சிகிச்சை கொடுத்தாலும் பிழைப்பது உறுதியில்லை.

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளும் இந்தப் பட்டியலில்தான் வருகிறது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பகுதிகளில் கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் விதைக்காக இதைப் பயிரிடுகிறார்கள். விதையிலிருந்து எடுக்கும் கோல்கிசின் மூட்டுவாத மருந்து. அதே கோல்கிசின் அளவு மீறினால் உயிரணுக்கள் பிரிவதையே நிறுத்திவிடும். இதன் கிழங்கைத் தின்று மனிதர்களே இறந்திருக்கிறார்கள். அழகுக்காக மாடிக் கம்பியில் படரவிட நினைப்பவர்கள் பூனை இருக்கும் வரை அந்த ஆசையைத் தள்ளிவைக்க வேண்டும்.

அரளியும் அடினியமும் ஒரே குடும்பம். இரண்டின் பாலிலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் கிளைகோசைடுகள் உள்ளன. பருத்த அடித்தண்டோடு போன்சாய் போல நிற்பதால் அடினியத்தை மேசை மேல் வைக்கிறார்கள். பூனை எட்டும் இடம் அது. சிறுநீரகக் கல்லுக்கு என்று வீடுதோறும் வைக்கப்படும் ரணகள்ளியிலும், கலஞ்சோ என்று நர்சரியில் கிடைக்கும் அதன் பூச்செடி உறவினத்திலும் இதயத்தைத் தாக்கும் வேறொரு வகை நஞ்சு இருக்கிறது. நித்திய கல்யாணியில் உள்ள வின்கா அல்கலாய்டுகள் புற்றுநோய் மருந்தாகப் பயன்படும் அளவுக்கு வீரியமானவை. இவற்றுக்கெல்லாம் இடம், பூனை ஏறாத மொட்டைமாடியோ வெளித்தோட்டமோதான்.

கடித்தால் வருந்தும், பெரும்பாலும் பிழைக்கும்

சேப்பங்கிழங்கை நறுக்கும்போது கை அரிப்பதும், சேனை சரியாக வேகாவிட்டால் தொண்டை கமறுவதும், அதனாலேயே இரண்டிலும் புளி சேர்ப்பதும் எல்லாச் சமையலறைக்கும் தெரிந்தது. மணி பிளான்ட், டைபன்பாக்கியா, பிலோடெண்ட்ரான், மான்ஸ்டீரா, அக்லோனிமா, சிங்கோனியம், ஆந்தூரியம், இசட்இசட் பிளான்ட் ஆகிய அனைத்தும் அந்தச் சேம்புக் குடும்பம்தான். இவற்றின் இலைக்குள் சில உயிரணுக்களில் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை; இரு முனையும் கூர்மையானவை. பூனை கடித்ததும் உயிரணு உடைந்து, ஊசிகள் நாக்கிலும் ஈறிலும் அண்ணத்திலும் பாயும். பூனை தலையை உதறும், முன்னங்காலால் வாயைத் தேய்க்கும், எச்சில் ஒழுக்கும், சில வேளை வாந்தி எடுக்கும். வலி உடனே வருவதால் பெரும்பாலானவை முதல் கடியோடு விலகிவிடுகின்றன. உயிர் போவது அரிது. வாயும் தொண்டையும் வீங்கி மூச்சுத் திணறினால் மட்டும் அது அவசரநிலை.

ஸ்நேக் பிளான்ட், டிரசீனா இரண்டிலும் சபோனின் உண்டு. லக்கி பாம்பூவும் டிரசீனாவின் ஒரு வகைதான், மூங்கில் அல்ல. இவற்றைத் தின்றால் வாந்தி, பேதி வரும். டிரசீனாவால் பூனையின் கண்மணி விரிந்தும் போகலாம். திருஷ்டிக்காக வாசலில் கட்டும் சோற்றுக் கற்றாழையின் தோலுக்கடியில் மஞ்சளாக ஒரு பால் வடியும். அதில் உள்ள பொருள்கள் கடும் பேதியை உண்டாக்கும்.

சளிக்குக் கஷாயம் போடும் கற்பூரவல்லியும் பூனைக்கு ஆகாது. அமெரிக்க விலங்குவதைத் தடுப்புச் சங்கம் வைத்திருக்கும் நச்சுத் தாவரப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. இலையில் உள்ள நறுமண எண்ணெய்கள் வாந்தியும், சில வேளை ரத்தம் கலந்த பேதியும் வரவழைக்கும். தொட்டியில் முளைக்கும் வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையில் தள்ளும்.

இந்த இரண்டாம் வகைச் செடிகளை வைத்தே தீர வேண்டும் என்பவர்கள் கூரையிலிருந்து தொங்கும் தொட்டிகளையோ, பூனை நுழையாத அறையையோ பயன்படுத்தலாம். வெறும் உயரம் மட்டும் காப்பாற்றாது. ஆரோக்கியமான பூனை நின்ற இடத்திலிருந்தே ஆள் மார்பு உயரம் தாவும். தொங்கும் மணி பிளான்ட் கொடியோ, பூனைக்கு ஆடும் விளையாட்டுக் கயிறு. கொடியை அவ்வப்போது நறுக்கிவிடுவதும், உதிர்ந்த இலைகளை அன்றன்றே பொறுக்குவதும் அவசியம்.

இத்தனையும் வீட்டுக்குள் வந்தது எப்படி?

1989இல் அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவுக்காக பில் வுல்வர்டன் ஓர் ஆய்வு செய்தார். மூடிய கண்ணாடிப் பெட்டிகளுக்குள் செடிகளை வைத்து, காற்றிலுள்ள பென்சீன் போன்ற ரசாயனங்களை அவை எவ்வளவு குறைக்கின்றன என்று பார்த்தார். பீஸ் லில்லி, ஸ்நேக் பிளான்ட், டிரசீனா, அக்லோனிமா ஆகியவை அதில் பெயர் வாங்கின. ‘காற்றைச் சுத்திகரிக்கும் செடி’ என்ற விளம்பரம் அங்கிருந்து கிளம்பி நம் ஊர் நர்சரிப் பலகைகள் வரை வந்துவிட்டது. மேலே சொன்ன நான்குமே பூனைக்கு ஒவ்வாதவை.

2019இல் டிரெக்செல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதுவரை நடந்த இத்தகைய ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டார்கள். ஜன்னல் வழியாக இயல்பாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வரை தேவைப்படும் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஜன்னலைத் திறந்துவைப்பதே மேல். ஆக, காற்றுக்காக என்று ஒரு நச்சுச் செடியை வைத்துக்கொள்ள அறிவியல் காரணம் எதுவும் இல்லை.

மண்ணும் மருந்தும்

செடி பாதுகாப்பானதாக இருந்தாலும் தொட்டி அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. எலும்புத்தூள் உரத்தின் வாடை பூனையைக் கவரும். அதை மண்ணோடு சேர்த்துத் தின்றால் குடலில் அடைத்துக்கொள்ளும். பூச்சிக்கொல்லிகளில் பெர்மெத்ரின் கலந்தவை பூனைக்கு மிகக் கொடியவை; நடுக்கமும் வலிப்பும் வரும். நத்தைக்குப் போடும் மெட்டால்டிஹைடு குருணையும் அப்படியே. வீட்டுக்குள் உள்ள செடிகளில் பூச்சி விழுந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவதும், ஈரத்துணியால் இலையைத் துடைப்பதும்தான் முதல் வைத்தியம்.

சில பூனைகள் தொட்டி மண்ணைக் கழிப்பிடமாக்கிக்கொள்ளும். மண்ணின் மேல் கூழாங்கற்களைப் பரப்பினால் தோண்ட முடியாது. இதில் மனிதர் நலனும் அடங்கியிருக்கிறது. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி தொற்றிய பூனையின் மலத்தில் வெளிவந்து, ஓரிரு நாளுக்குப் பின் மண்ணில் தொற்றும் நிலையை அடைகிறது. கர்ப்பிணிகளுக்கு இது தொற்றினால் கருவைப் பாதிக்கலாம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் தொட்டி வேலையை வேறொருவர் செய்வது நல்லது. இல்லாவிட்டால் கையுறை கட்டாயம்.

நிம்மதியாக வைக்கக்கூடியவை

விலக்க வேண்டியவற்றைக் கேட்டுச் சோர்ந்துபோக வேண்டாம். அரிக்கா பாம் கூடத்தின் மூலையை நிறைக்கும். பூனை அதன் ஓலையைக் கிழித்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. பாஸ்டன் ஃபெர்ன், கலாத்தியா, மராண்டா, பெப்பரோமியா, பைலியா, ஹோயா ஆகியவையும் அப்படியே. கற்றாழையின் தோற்றம் பிடித்தவர்களுக்கு ஹாவோர்த்தியா, எச்சிவீரியா இருக்கின்றன. பூ வேண்டுமென்றால் ஆப்பிரிக்கன் வயலட்டும் ஃபலனோப்சிஸ் ஆர்க்கிடும் வைக்கலாம். பால்கனியில் மல்லிகையும் ரோஜாவும் பாதுகாப்பானவையே. ரோஜா முள் மட்டும் கவனம். ஸ்பைடர் பிளான்ட் நஞ்சில்லாதது, ஆனால் அதன் மெல்லிய இலையைப் பூனைகள் மிகவும் விரும்பும். அளவு மீறித் தின்றால் வாந்தி வரும் என்பதால் சற்று எட்டத் தொங்கவிடலாம். அஸ்பாராகஸ் ஃபெர்னைப் பெயரைப் பார்த்து ஃபெர்ன் என்று எண்ணி இந்தப் பட்டியலில் சேர்த்துவிடக் கூடாது. அது வேறு குடும்பம், ஆகாத செடி.

பூனைக்கென்று ஒரு பச்சை தனியாக இருந்தால் மற்றச் செடிகளும் தப்பும். கோதுமையை ஓர் இரவு ஊறவைத்து, அகலத் தட்டில் மண்ணோ தேங்காய் நார்க்கழிவோ பரப்பித் தூவி, லேசாக ஈரம் காட்டினால் ஒரு வாரம், பத்து நாளில் விரல் உயரம் வளர்ந்துவிடும். அம்மன் கோயிலுக்கு முளைப்பாரி போடத் தெரிந்த வீட்டுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மருந்தடிக்காத அருகம்புல்லும் உதவும். ஒரு தட்டு தீரும் முன் அடுத்ததை விதைத்துவிட வேண்டும்.

கேட்னிப் செடியில் உள்ள நெப்பெடாலாக்டோன் மூன்றில் இரண்டு பங்கு பூனைகளை உருளவைக்கும், அதில் தீங்கில்லை. இந்தச் செடியிலும் இதைப் போன்ற சில்வர் வைனிலும் பூனை புரள்வது கொசுவை விரட்ட உதவுகிறது என்று ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழகக் குழு 2021இல் காட்டியது. நம் ஊரில் அந்த மயக்கத்தைத் தருவது குப்பைமேனியின் வேர். பூனைவணங்கி என்று அதற்கு இன்னொரு பெயரே உண்டு. ஆனால் அதை விளையாட்டுப் பொருளாகக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. குறிப்பிட்ட நொதிக் குறைபாடுள்ள மனிதர்கள் குப்பைமேனியைச் சாப்பிட்டுச் சிவப்பணு சிதைந்த நிகழ்வுகள் இலங்கை மருத்துவர்களால் பதிவாகியிருக்கின்றன. பூனையின் சிவப்பணுவோ இயல்பாகவே அத்தகைய தாக்குதலுக்கு எளிதில் ஆட்படுவது.

கடித்துவிட்டால்

வாயில் மிச்சமிருக்கும் இலையை எடுத்துவிட்டு, ஈரத்துணியால் வாயைத் துடைக்க வேண்டும். மகரந்தம் உடம்பில் ஒட்டியிருந்தால் நக்குவதற்குள் கழுவிவிட வேண்டும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது கூடவே கூடாது. உப்பே பூனைக்கு நஞ்சாகிவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு இரைப்பையைப் புண்ணாக்கும். பால் முறிவு மருந்தாகாது. வலி மாத்திரை எதையும் தரக் கூடாது.

செடியின் ஒரு கிளையையோ தெளிவான படத்தையோ எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் கிளம்ப வேண்டும். எந்தச் செடி, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ற மூன்று விவரமும் சிகிச்சையைத் தீர்மானிக்கும். லில்லி, சைகஸ், காந்தள், அரளி என்றால் அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. நள்ளிரவானாலும் போக வேண்டும். எந்த மருத்துவமனை இரவிலும் திறந்திருக்கும் என்பதை ஆபத்து வருமுன்பே விசாரித்து, எண்ணைக் கைப்பேசியில் பதிந்துவைத்துக்கொள்வது நல்லது.

பூனை வளர்ப்பவர்கள் இந்த வாரம் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. வீட்டிலுள்ள ஒவ்வொரு தொட்டியையும் படம் எடுத்து, நர்சரியிலோ தாவரவியல் தெரிந்தவரிடமோ அதன் அறிவியல் பெயரைக் கேட்டு எழுதிவைத்து, அந்தப் பட்டியலைத் தங்கள் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கொல்லக்கூடியது எது என்று தெரிந்ததும் அதைப் பூனை இல்லாத ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். பூங்கொத்தோடு வரும் உறவினர்களிடமும் நண்பர்களிடமும், எங்கள் வீட்டில் பூனை இருக்கிறது, லில்லி மட்டும் வேண்டாம் என்று தயங்காமல் சொல்லிவையுங்கள்.